வாக்குத்தத்த அட்டை, வருடத் திட்டம், காதில் வேதம், நோட்டுப் புத்தகம்: பெங்களூரு நாளுக்கு எது பொருந்தும்?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தமிழ்ச் சபைகளில் பலருடைய கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட அட்டை, இருக்கும். அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனங்களில் ஒன்று யோபு 8:7: “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” கடை திறப்பு அழைப்பிதழிலும், புதுவீட்டு ஜெபக் கூட்டத்திலும் இதே வசனம்தான். ஆனால் இதைச் சொன்னது யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

சொன்னவர் சூகியனாகிய பில்தாத். யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், பிள்ளைகள் செய்த பாவம்தான் அவர்களை அழித்தது என்கிற அர்த்தத்தில் 4ஆம் வசனத்தில் பேசிவிட்டு, ‘நீ சுத்தமாய் இருந்தால்’ என்று 6ஆம் வசனத்தில் ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் 7ஆம் வசனத்துக்கு வருகிறார். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களைப் பார்த்து, “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று கடிந்துகொள்கிறார் (42:7). யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை, அது 42:12இல் இருக்கிறது. பில்தாத் போட்ட கணக்கின்படி அது நடக்கவில்லை என்பதற்காகவே அந்தப் புத்தகம் 42 அதிகாரம் நீள்கிறது.

அட்டையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஜனவரி முழுக்க அந்த ஒரு வசனத்தை ஜெபித்துக்கொண்டே இருந்து, அது இருக்கும் அதிகாரத்தை ஒரு தடவைகூடத் திறக்காமல் விடுவதுதான் குறை. ஆகவே வேதவாசிப்புக்கு எந்த முறையைப் பிடிப்பது என்று முடிவு செய்யும்போது இரண்டு கேள்வி போதும். ஒன்று: இந்த முறையில் வசனம் தன் அதிகாரத்தோடு என்னிடம் வருகிறதா? இரண்டு: ஒரு நாள் தவறிப்போனால் இந்த முறை என்னை என்ன செய்யும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கிற ஊரில் நாள் தவறத்தான் செய்யும்.

ஒரு வருடத்தில் முழு வேதாகமம்

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. 365ஆல் வகுத்தால் நாளைக்கு மூன்றேகால் அதிகாரம். தமிழில் வாய்விட்டு நிதானமாக வாசித்தால் சராசரி அதிகாரத்துக்கு ஆறு நிமிடம் வைத்துக்கொள்ளலாம், ஆக மொத்தம் 20 நிமிடம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

எங்கே உடைகிறது என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் போனால் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் வரும். அங்கே ஆசரிப்புக் கூடாரத்தின் அளவு, பலகை, கொளுவி, தொங்குதிரை தொடங்குகிறது. ஜனவரி 28இல் லேவியராகமம். அது முடிய பிப்ரவரி 5. பிறகு எண்ணாகமத்தின் கோத்திரக் கணக்கு. யோசேப்பின் கதையை வேகமாக வாசித்த அதே மனது இந்த மூன்று வாரத்தில் திணறும். அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த மேடு 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரம், முழுக்க வம்ச அட்டவணை. அது சரியாக ஏப்ரல் 14 அன்று வந்து நிற்கும்.

திணறும்போது நாள் தவறும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் விட்டுப்போனால் ஞாயிறன்று 13 அதிகாரம் பாக்கி, கிட்டத்தட்ட 80 நிமிடம். ஞாயிறு ஆராதனை முடிந்து, வாரத்துக்குக் காய்கறி வாங்கி, துணி துவைத்து முடிக்கிற நாளில் அந்த 80 நிமிடம் கிடைக்காது. பாக்கி அடுத்த வாரத்துக்குப் போகும். கடன்போல வட்டி ஏறி, மார்ச்சில் புத்தகத்தைத் திறக்கவே குற்ற உணர்வு வந்துவிடும். திட்டத்தை விட்டவர்கள் பெரும்பாலும் வேதத்தின் மேல் ஆர்வம் போய் விட்டவர்கள் அல்லர். பாக்கியைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள்.

இதற்கு ஒரு வைத்தியம்: தவறிய நாளை அடைக்கவே அடைக்காதீர்கள். இன்றைய தேதிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை வாசித்துவிட்டு, விட்டதை அடுத்த வருடத்துக்கு விட்டுவிடுங்கள். திட்டத்தைப் போட்ட ஆட்களே இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஊழியம் செய்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தன் சபையாருக்காக ஒரு அட்டவணை எழுதினார். இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுவது அது. நாளைக்கு நான்கு அதிகாரம். ஜனவரி 1 அன்றே ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1 நான்கும் ஒன்றாகத் தொடங்கும். ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடிந்திருக்கும். அந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடுவது, சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, தூக்க முடியாத நுகமாகிவிடுவது.

மக்செய்ன் முறையின் நல்ல பக்கம், லேவியராகமம் ஓடும் நாட்களிலும் கூடவே பெரும்பாலும் சங்கீதம் இருக்கும், வறட்சி தெரியாது. கெட்ட பக்கம், நான்கு வெவ்வேறு இடத்தில் கால் வைத்து நிற்பதால் எந்தப் புத்தகத்தின் ஓட்டமும் கையில் பிடிபடாது. முதல் தடவை வேதாகமத்தை வாசிப்பவருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்று நான்கு முறை முழுசாக வாசித்தவருக்கு, ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவதைக் கேட்க இது அருமையான வழி.

காதில் வேதம்

பெங்களூருவில் நேரம் கிடைப்பது பயணத்தில்தான். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ரயிலின் பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக் வரை உட்கார்ந்து வருகிறவருக்கு முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. கப்பன் பார்க் தொடங்கி ரயில் சுரங்கத்துக்குள் போவதால் அங்கே சிக்னல் தடுமாறும். அதிகாரங்களை இரவே வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர் தயவுசெய்து இதை முயற்சிக்க வேண்டாம், இயர்போன் போட்டால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காது.

கேட்பதில் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி நிற்காது. கதை காதில் நிற்கும், வாதம் நிற்காது. ஆதியாகமம் 37 முதல் 50 வரை யோசேப்பு, நான்கே அதிகாரமான ரூத், பத்து அதிகார எஸ்தர், மாற்கு, அப்போஸ்தலர் இவையெல்லாம் கேட்கவே எழுதப்பட்டவைபோல இருக்கும். ரோமர் 7ஐ ரயிலில் கேட்டால், மூன்றாவது ‘ஆதலால்’ வரும்போது மனது இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்குப் போய்விடும். ரோமர்போன்ற நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, கண்ணும் பென்சிலும் வேண்டும்.

காலையில் போகும்போது கேட்ட அதே அதிகாரங்களை மாலையில் திரும்பும்போதும் கேளுங்கள். புதிதாக ஓடவிடாதீர்கள். பின்னணி இசையும் பல குரலும் உள்ள நாடகப் பதிவு முதல் தடவை இனிக்கும், ஆனால் ரயில் சத்தத்தில் பெயர்கள் அமுங்கிப்போகும். ஒற்றைக் குரலில் நேராக வாசிக்கிற பதிவு மேல். வேகத்தைக் கூட்டிக் கேட்பதால் எதுவும் மிச்சமாகாது.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் ஒலி வேதாகமத்துக்கு உண்டு. சிவாஜிநகர், அல்சூர் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிற குடும்பங்களில், வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்து, தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். ஜெபம் தமிழில், பாட்டு தமிழில், வேதாகமம் மட்டும் ஆங்கிலத்தில் என்று பிரிந்துபோன வீடுகள் அவை. கையில் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழைக் காதில் கேட்டால், வசன எண் ஒன்றுதான் என்பதால் கண்ணும் காதும் சேர்ந்தே போகும். ஆறு மாதத்தில் அம்மாவின் ஜெபத்தில் வரும் ‘கிருபை’, ‘இரக்கம்’, ‘தயவு’ மூன்றும் ஒன்றில்லை என்பது பிடிபடும்.

ஒரு புத்தகம், ஒரு நோட்டு

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு புதிய அதிகாரம் கிடையாது. புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரத்தை ஐந்தால் வகுத்தால் 52 வாரம், மிச்சமே இல்லை. தவறிய நாளுக்குச் சனிக்கிழமை இருக்கிறது. தவறவில்லை என்றால் சனிக்கிழமை அந்த வாரத்தின் ஐந்தையும் ஒரே மூச்சில் திரும்ப வாசிக்கலாம். பாக்கி வட்டி போட இடமில்லாத ஒரே கணக்கு இது.

மத்தேயுவில் தொடங்காமல் மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம், மூன்று வாரமும் ஒரு நாளும். பிறகு அப்போஸ்தலர், பிறகு பவுலின் சிறிய நிருபங்கள். அதிகாரங்கள் ஒரே நீளம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். லூக்கா 1ஆம் அதிகாரம் 80 வசனம், மத்தேயு 26 என்றால் 75. அந்த வாரங்களில் அதிகாரத்தை இரண்டாக வெட்டி, சனிக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிலிப்பியரை எடுத்துப் பார்ப்போம். நான்கு அதிகாரம், 104 வசனம். திங்களன்று முழு நிருபத்தையும் வாய்விட்டு ஒரே தடவையாக வாசித்துவிடலாம், அரை மணிக்குள் முடிந்துவிடும். நோட்டில் எதுவும் எழுத வேண்டாம். செவ்வாயன்று முதல் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ‘என் கட்டுகள்’ என்பது 7, 13, 14, 16ஆம் வசனங்களில் வருகிறது. எழுதியவர் சிறையில் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். அதே நிருபத்தில்தான் “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” (4:4) வருகிறது.

வெள்ளியன்று 4ஆம் அதிகாரத்துக்கு வரும்போது “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்கிற 13ஆம் வசனம் வரும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லி அனுப்புகிற வசனம். வாரம் முழுக்க நிருபத்தோடு இருந்தவருக்கு 11, 12ஆம் வசனங்கள் கண்ணில் படாமல் போகாது: எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன், பட்டினியாயிருக்கவும் தெரியும், பரிபூரணமடையவும் தெரியும். அந்த ‘எல்லாவற்றையும்’ என்பதற்குள் தோல்வியும் பட்டினியும் அடக்கம். பிள்ளை பரீட்சையில் தவறினாலும் அந்த வசனம் அவனோடு நிற்கும்.

நோட்டில் ஒரு நாளுக்கு அரைப் பக்கம் போதும். மேலே தேதியும் அதிகாரமும். அடுத்து, பேசுவது யார், கேட்பது யார் என்று ஒரே வரி. பிறகு புரியாத ஒரு சொல், கேள்வியாகவே. கடைசியில் இன்று செய்ய வேண்டிய ஒரு காரியம், ஆள் பெயரோடு. ‘நான் அதிகம் அன்பு காட்ட வேண்டும்’ என்று எழுதினால் அது நோட்டிலேயே தங்கிவிடும். ‘அண்ணனுக்கு இன்று போன் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் நடக்கும். பலரும் செய்யும் தப்பு, முதல் வாரம் நான்கு பக்கம் எழுதி மூன்றாவது வாரம் நோட்டையே மூடிவிடுவது. அரைப் பக்கத்தைத் தாண்டாதீர்கள்.

வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஈர ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறிவிடும், சங்கீதம் 23ஐக் கோடிட்டால் 24 கறைப்படும். ஹெச்.பி. பென்சில் அல்லது கூர் மழுங்கிய கலர் பென்சில் நல்லது.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் இந்த முறையில் முக்கியம். சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) ஹென்றி பவர் காலத்தது, 1871. அதன் தமிழ் நெஞ்சில் தங்கும், ஆனால் சில சொற்களின் பொருள் இன்று நகர்ந்துவிட்டது. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பதில் தாழ்ச்சி என்றால் குறைவு. இன்றைய காதுக்கு அது ‘தாழ்ந்துபோகமாட்டேன், தலைகுனியமாட்டேன்’ என்று விழுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று சொல்லும்போது சந்தேகம் தீர்கிறது. மனப்பாடத்துக்குப் பழையது, புரிந்துகொள்ளப் புதியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமே எம்.ஜி. ரோட்டில் இருப்பதால், தமிழ்ப் பதிப்புகளுக்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

திருச்சபை நாள்காட்டியோடு போவது

கத்தோலிக்கருக்கு இன்னொரு வழி ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆண்டு எண் 3ஆல் மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு. திருவழிபாட்டு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தோடு, ஜனவரிக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதன் பெரிய பலம், சிவாஜிநகர் தூய மரியன்னை பசிலிக்காவில் தமிழ்த் திருப்பலியில் கேட்கும் நற்செய்தியைத்தான் ஊரில் இருக்கும் அம்மாவும் அன்று கேட்கிறார், மாலையில் போனில் பேச ஒரு பொருள் இருக்கிறது. குறை, வாசகம் இடையிடையே வசனங்களைத் தாண்டிப் போகும். தாண்டிய வசனங்களை வீட்டில் திறந்து பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் செய்யத் தக்கது லெக்ஸியோ திவினா என்கிற, செபத்தோடு வேதம் வாசிக்கும் முறை. 12ஆம் நூற்றாண்டின் கர்த்தூசியத் துறவி இரண்டாம் கைகோ இதை நான்கு படியாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையை எடுக்கிறது, நான்காவது அந்த இனிமையே என்று அவர் விளக்கினார். இருபது நிமிடம் இருந்தால் படிக்கு ஐந்து நிமிடம். பகுதி பத்துப் பதினைந்து வசனத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு தடவை வாசித்து, மனது நிற்கிற சொல்லில் நீங்களும் நில்லுங்கள். இங்கே நடக்கும் பிழை, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பகுதி சொல்லாத ஒன்றை நாமே கட்டிவிடுவது. பில்தாத் கதைதான் மறுபடியும். செபத்துக்குப் போகும் முன் அந்தப் பகுதியின் முதல் வசனத்தை இன்னொரு முறை பாருங்கள்.

மனப்பாடமும் குடும்ப ஜெபமும்

ஞாயிறு பள்ளியோடு மனப்பாட வசனத்தை விட்டுவிட்டவர்கள் தனி வசனத்தில் தொடங்காமல் ஒரு சிறு சங்கீதத்தில் தொடங்கலாம். 1ஆம் சங்கீதம் ஆறு வசனம், 121 எட்டு. வாரம் ஒரு வசனம். இடத்தை முன்னும் பின்னும் சொல்லுங்கள்: ‘சங்கீதம் 121:1’ என்று ஆரம்பித்து அதையே சொல்லி முடிக்க வேண்டும். இல்லையென்றால் வசனம் தங்கும், விலாசம் தொலையும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் திருப்பிச் சொன்னால் போதும்.

குடும்ப ஜெபத்துக்குப் பத்து வசனம், பத்து நிமிடம். பெரியவர் தமிழில் ஒரு வசனம், பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் அடுத்த வசனம். பிறகு ஒரே கேள்வி: இதில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? அன்றைய சண்டைக்கு ஏற்ற வசனத்தைத் தேடி எடுத்துப் பிள்ளையைத் திட்டுவதற்கு அந்த நேரத்தைப் பயன்படுத்தவே கூடாது. அப்படி வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் முதலில் விடுவது அந்த நேரத்தைத்தான்.

யாருக்கு எது

மாலை ஆறரைக்கு வேலைக்குப் போய் விடியற்காலை திரும்புகிறவருக்கு ‘அதிகாலை தியானம்’ என்று சொல்வது கொடுமை. அவருடைய காலை பிற்பகல் இரண்டு மணி, தூங்கி எழுந்து தேநீருக்கு முன் அந்த ஒரு அதிகாரம். கைக்குழந்தை இருக்கும் தாய்க்கு நோட்டு இப்போது வேண்டாம், மாற்கு ஒலிப்பதிவும் சங்கீதம் 121ம் போதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் இரண்டு மணி நேரம் கையில் இருப்பவருக்கு மக்செய்னின் நான்கு அதிகாரம் பொருந்தும். இது எதிலும் சேராத பெரும்பாலானவர்களுக்கு, வாரத்தில் ஐந்து நாள், மாற்கு, அரைப் பக்க நோட்டு.

வாக்குத்தத்த அட்டை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுசாக வாசித்து, பேசியவர் யார், கேட்டவர் யார், முந்தைய வசனம் என்ன சொல்கிறது என்று மூன்று வரி அங்கே பென்சிலால் எழுதி, மறுபடியும் அதை வேதாகமத்துக்குள்ளேயே அந்தப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.